காப்பி கசந்தால் மெஷினைத் திறந்து பாருங்கள்: நம்ம பக்கத்து வீடுகளின் அனுபவங்கள்

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

ஊருக்கு வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் முதல் காப்பியைக் குடித்ததும் "தூள் சரியில்லையே" என்பார்கள். அப்புறம் தண்ணீர் மேல் பழி போகும், அதற்கும் அப்புறம் பால்காரர் மேல். கொட்டையை அரைத்த மெஷினை மட்டும் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். முன்னோரைக் கும்பிடும் படைப்பு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இந்த வழக்கு நடக்கும்.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. படைப்பு, பொங்கல், பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கும். திறந்த அன்றே முகப்பிலிருந்து பின்கட்டு வரை கழுவி விடுவோம், பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்போம், தூணுக்குக்கூடத் துடைப்பு உண்டு. அடுப்படிப் பலகையில் திருகி வைத்திருக்கும் காப்பி மெஷினுக்குக் கிடைப்பது மேலோட்டமாக ஒரு துணித் துடைப்பு. உடனே கொட்டையைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

மெஷின் இலண்டன் ஸ்பாங் கம்பெனியுடையது, வார்ப்பிரும்பு. அப்பத்தா கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பியபோது அதில் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்போம். உள்ளே திறந்து பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டால் வீடே கப்சிப்.

இந்தப் படைப்புக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்விட்டதால் நானே திறந்தேன். பழைய வேட்டி ஒன்றைப் பட்டாலையில் விரித்து, கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக வைத்தேன். நட்டு, வாஷர், ஸ்பிரிங், அப்புறம் கொட்டையை அரைக்கும் பல். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் போனில் ஒரு படம். அரவையைப் பொடியாக்கவும் பெருக்கவும் இருக்கும் திருகு எந்த இடத்தில் நின்றதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு. இந்தக் கோடு போடாமல் கழற்றினால் மாட்டிய பிறகு பழைய பதம் பிடிப்பதற்குள் அரைக்கிலோ கொட்டை காலியாகிவிடும்.

பல்லைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பள்ளங்களில் இருந்தது தூள் அல்ல. கோயில் விளக்குத் தண்டில் படிந்து இறுகிய எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி, கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் சுருண்டு வருகிற பிசுக்கு. மோந்து பார்த்தால் காப்பி வாசனையே இல்லை. சிக்கு பிடித்த கடலையெண்ணெய் வாடை.

காரணம் எளிது. காப்பிக் கொட்டைக்குள் எண்ணெய் இருக்கிறது. அராபிகா வகையில் எடைக்குச் சுமார் 15 சதவீதம், ரோபஸ்டா வகையில் 10 சதவீதத்தை ஒட்டி. கறுக்க வறுக்க அந்த எண்ணெய் கொட்டையின் மேலே கசிந்து மினுமினுக்கும். அரைக்கும்போது பல்லில் ஒட்டும். தினமும் அரைக்கிற வீட்டிலாவது புதுத் தூள் பழையதைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். பூட்டிய வீட்டில் சித்திரை வெயில் முழுக்கக் காற்றுப் பட்டுச் சிக்காகி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எவ்வளவு உயர்ந்த பீபெர்ரிக் கொட்டை வாங்கி வந்தாலும், அது அந்தப் பிசுக்கை உரசிக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும்.

தண்ணீர் விடவே இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், தென்னை ஈர்க்கு, உலர்ந்த துணி, இவ்வளவுதான் கருவி. ஈர்க்கை நகத்தால் சீவி முனையைத் தட்டையாக்கிக்கொண்டால் பள்ளத்துக்குள் சரியாக இறங்குகிறது, இரும்பிலும் கீறல் விழாது. ஊசி, ஆணி, பிளேடு எதையும் எடுக்காதீர்கள். மேல் தொட்டிக்கு மட்டும் வெந்நீரில் முக்கி ஒட்டப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி. எல்லாவற்றையும் மாட்டி, திருகைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, உப்பும் மஞ்சளும் சேராத வெறும் பொரியை இரண்டு கை போட்டுச் சுற்றினேன். முதலில் வந்த பொரி மாவு பழுப்பாக வந்தது, பிறகு வெள்ளையாக. நமுத்த பொரி வேண்டாம், அது தானே ஒரு பசையாகி ஒட்டும்.

அடுத்து அரைத்த தூளில் டிகாக்‌ஷன் ஒழுங்காகச் சொட்டியது. அதற்கு முன் ஃபில்டரைத் தட்டித் தட்டிக் கை வலித்ததும் இதே பிசுக்கால்தான். பள்ளம் அடைத்த பல் கொட்டையை ஒரே சீராக வெட்டாது. பாதி பெருநொய்யாகவும் பாதி மாவாகவும் வரும், அந்த மாவு ஃபில்டர் துளையை அடைக்கும்.

உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள். கை மெஷின், மிக்ஸி, கரண்ட் மெஷின், எதுவானாலும் சரி.


பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

எங்கள் வீட்டில் மிக்ஸிதான். சின்ன ஜார் ஒன்று காப்பிக்கென்றே தனி. அதில் வேறு எதையும் போடக் கூடாது என்பது அயித்தை போட்ட சட்டம். மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், அடையாளத்துக்கு.

சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, வந்த சமையல் ஆளுக்கு அந்தப் பொட்டு எங்கே தெரியும்? கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, மிளகு, சோம்பு எல்லாவற்றையும் வறுத்து அதிலேயே அரைத்துவிட்டார். மறுநாள் விடிகாலைக் காப்பி வந்ததும் பெரியப்பா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "காப்பியை எதில் தாளித்தீர்கள் ஆத்தா?" என்று கேட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அயித்தை மட்டும் சிரிக்கவில்லை.

சோப்புப் போட்டு எத்தனை தரம் கழுவியும் கல்பாசி போகவில்லை. எஃகில் வாடை நிற்காது, அது இருந்த இடம் வேறு. ஒன்று, மூடியில் இருக்கும் ரப்பர் வளையம். இன்னொன்று, பிளேடுக்கு அடியில் தண்டு சுற்றும் இடம். அயித்தை வளையத்தை உருவி, சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தார்கள். பிளேடை அதற்கான சாவியால் கழற்றி, அடியைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார்கள். கழுவிய ஜாரை முற்றத்து வெயிலில் கவிழ்த்து, அடியில் ஈரம் நிற்காதபடி ஒரு பக்கம் குச்சி கொடுத்துக் காயவைத்தார்கள். காய்ந்ததும் பச்சரிசியை ஒரு கைப்பிடி போட்டு ஓட்டி, கொட்டி, மறுபடி ஒரு கைப்பிடி. அந்த மாவையும் அவர்கள் வீணாக்கவில்லை, வாசலில் கோலமாகிவிட்டது. கொஞ்சம் பழுப்புக் கோலம். எறும்புகள் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

வாடை பெரும்பகுதி போனது. வளையத்தில் மட்டும் கொஞ்சம் தங்கியது, அதைத் தூக்கிப் போட்டுப் புதிது மாற்றினோம். என்னைக் கேட்டால் மாற்றுவதை முதலிலேயே செய்யலாம். மிக்ஸி உதிரி சாமான் விற்கும் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிற ரப்பருக்காகச் சோடாவையும் வெயிலையும் செலவழிப்பானேன்? பிளேடைக் கழற்றத் தெரியாதவர்கள் கடையிலேயே கொடுத்து அடியைத் துடைத்து வாங்கலாம். அங்கே ஊறிய காப்பி எண்ணெய்தான் நாளடைவில் தண்டை இறுக்கி, மிக்ஸியை உறும வைக்கிறது.

இன்னொன்று. கல்லுப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும், வாடையும் போகும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கூராகிறதோ இல்லையோ, ஓட்டியதும் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பை அப்படியே விட்டால் பிளேடுக்கு அடியில் பிடித்துக்கொள்ளும்.


கோட்டையூர் எழுதியது:

எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கடையில் கண்முன் வறுத்து அரைத்துத் தருகிறார்கள், சூடாகப் பொட்டலம் வாங்கி வருகிறோம். ஆனால் கடை மெஷினிலும் எனக்கு முன்னால் வந்தவரின் தூள் வாய்க்குழாயில் நிற்குமே என்று இப்போதுதான் தோன்றுகிறது. அவர் காப்பி 60, சிக்கரி 40 என்ற கலவை வாங்கியவராக இருந்தால்? இனிமேல் "குழாயைத் தட்டிவிட்டு அரையுங்கள் அண்ணே" என்று சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் நான் சுத்தம் செய்வது ஃபில்டர் மட்டும்தான். துளை அடைத்தால் மேல் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்துக் காட்டுவேன். அடைத்த தூள் கருகி உதிரும், ஆறியதும் பிரஷ் போட்டுக் கழுவினால் வெளிச்சத்தில் துளை எல்லாம் தெரியும். பித்தளை, எவர்சில்வர் இரண்டுக்கும் செய்கிறேன். ஈயம் பூசிய பழைய பித்தளை ஃபில்டருக்குச் செய்யாதீர்கள், பூச்சு உருகிவிடும்.


தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பச்சரிசி என்று எழுதிய ஆச்சிக்கு வணக்கம். மிக்ஸிக்கு அது சரி. கரண்ட் காப்பி மெஷினுக்கு அரிசி கூடவே கூடாது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மெஷின் எங்களிடம் இருக்கிறது. உள்ளே பிளேடு கிடையாது, கூம்பு மாதிரி ஒரு எஃகுப் பல்லும் அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பல்லும். பர் என்கிறார்கள். ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்கிறேன் என்று புழுங்கலரிசியை நிறையப் போட்டு, அரவையைப் பொடியில் வைத்தபடியே ஓட்டியிருக்கிறார். மெஷின் ஒரு மாதிரி முனகியது, கரண்ட் வாடை வந்தது, நின்றுவிட்டது.

மதுரையில் ரிப்பேர் பார்த்தவர் சொன்ன விளக்கம் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது. வறுத்த காப்பிக் கொட்டை நொறுங்கும் சாமான், விரலால் அழுத்தினாலே சில சமயம் உடையும். அரிசி அப்படி இல்லை. அந்த இறுக்கத்துக்கு இந்தச் சின்ன மோட்டாரும் நெருக்கமாக வைத்த பல்லும் செய்யப்படவில்லை. நல்லவேளை, எங்கள் மோட்டார் எரியவில்லை. பல்லுக்கு நடுவே இறுகிய அரிசி மாவை எடுத்ததும் ஓடியது. மெஷினோடு வந்த புத்தகத்திலும் அரிசி போடாதே என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை வாசித்தவர்தான் யாரும் இல்லை.

இதற்கென்றே தானிய மாவை அழுத்திச் செய்த மாத்திரைகள் விற்கிறார்கள். உர்னெக்ஸ் என்ற கம்பெனியின் சரக்கை மகன் கொடுத்துவிட்டிருக்கிறான். கொட்டை போடுகிற மாதிரியே போட்டு ஓட்ட வேண்டும், எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மாவாக வரும், அப்புறம் கொஞ்சம் கொட்டையை ஓட்டிக் கொட்டிவிட வேண்டும். வேலை செய்கிறது. ஆனால் பிரஷ் செய்யும் வேலையை இது முழுசாகச் செய்வதில்லை. ரொம்ப நாள் படிந்ததைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கழற்றும் முறை இது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மேல் தொட்டியில் மிச்சக் கொட்டை இருந்தால் ஓட்டி முடித்துவிடுங்கள் அல்லது கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் திருகி எடுத்தால் மேல் பல் கைக்கு வந்துவிடும், எங்கள் மெஷினில் அதற்கு ஒரு சின்ன வளையப் பிடி இருக்கிறது. கீழ்ப் பல்லை நான் கழற்றுவதில்லை, அங்கேயே பிரஷ் போட்டு, தூள் வெளியே விழும் வாயையும் உள்ளிருந்து வெளியே தள்ளித் தேய்ப்பேன். தூளை எல்லாம் வாக்குவம் குழாயால் இழுத்துவிடுவேன். வாக்குவம் இல்லாதவர்கள் கேமரா லென்சுக்கு ஊதும் ரப்பர்க் குமிழை வாங்கிக்கொள்ளலாம். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும், தூள் கண்ணுக்கு வரும்.

ரொம்பப் பேர் விடுவது மரையை. மேல் பல் உட்காரும் திருகு மரைக்குள் தூள் கிடந்தால் பல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்காரும். அப்புறம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அரவை சீராக வராது. மரையை ஒரு சுற்றுப் பிரஷ் போட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டும்போது பலவந்தம் கூடாது, சரியாக உட்கார்ந்தால் தானே வழுக்கிக்கொண்டு சுற்றும்.

பங்குனி, சித்திரையில் தூள் டப்பாவின் உள்சுவரிலும் வாயிலும் பறந்து ஒட்டும். வறண்ட காற்றில் அரைக்கும்போது மின்னேற்றம் ஏறுவதால் வருவது அது, அழுக்கு அல்ல. அரைப்பதற்கு முன் ஸ்பூன் காம்பை ஈரத்தில் தொட்டுக் கொட்டையை ஒருமுறை கிளறிவிட்டால் அடங்கிவிடும். ஒரு சொட்டுக்கு மேல் போகக் கூடாது.


பழைய சாமான் பிரியன் எழுதியது:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் சுற்றுகிறவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே பழைய கை மெஷின்கள் இன்னும் அவ்வப்போது கண்ணில் படும். பெஞ்சில் திருகுவது, சுவரில் மாட்டுவது, மடியில் இடுக்கிக்கொண்டு சுற்றுகிற மரப்பெட்டி வகை. பெட்டி வகையில் அடியில் ஒரு சின்ன இழுப்பறை இருக்கும், தூள் அதில் விழும்.

அலமாரியில் அழகுக்கு வைப்பதற்கா, அரைப்பதற்கா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அரைப்பதற்கு என்றால் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பது மட்டும் போதாது, பல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விளிம்பு மழுங்கி வழவழவென்றிருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்திருந்தால் தொட்டிக்கு உள்ளேயும் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உள்ளே பெயின்ட் உள்ளதில் நான் கொட்டை போட மாட்டேன். பழங்காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வீட்டுக்குள் தூசியாக்குவதும் ஆபத்து.

மண்ணெண்ணெய் விஷயமும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த நட்டு கழலவில்லை என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் மெஷினை முழுசாக மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தந்தார்கள். நட்டு அழகாகக் கழன்றது. காப்பியில் மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் அடித்தது. வார்ப்பிரும்பின் மேற்பரப்பு சொரசொரப்பு, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நட்டை மட்டும் துணியில் நனைத்துச் சுற்றி வைத்திருந்தால் போதும்.


அழகப்பாபுரம் எழுதியது:

அப்பா மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம், வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து நம்ம காரைக்குடிக்குக் கொண்டுவந்தது. துரு அங்கே பெரிய படிப்பு. அதனால் எங்கள் வீட்டில் காப்பி மெஷினைக் குழாயடிக்குக் கொண்டுபோனால் அது குடும்பப் பிரச்சினையாகிவிடும்.

இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன். எவர்சில்வர் தட்டு தண்ணீரில் கிடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதால் மெஷின் பல்லும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். பல் கூர்மை நிற்பதற்காகக் கடினப்படுத்திய எஃகு. அது தட்டு அளவுக்குத் துருவைத் தாங்காது. வார்ப்பிரும்புக்குத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. துருவுக்கு வேண்டியது இரும்பு, ஈரம், காற்று மூன்றும்தான். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும், அதனால் கல்லுப்பு யோசனை பர் மெஷினுக்கு ஆகவே ஆகாது. பள்ளத்துக்குள் தங்கும் துளி ஈரம் கண்ணுக்குத் தெரியாது, மேலே துடைத்து விட்டோம் என்று நம்பி மாட்டிவிடுவோம். மறுநாள் திறந்தால் செம்மண் நிறத்தில் ஒரு படலம்.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். புளியில் இருக்கும் அமிலம் துருவை எடுக்கும், பித்தளைக்குப் போடுவது போலப் போட்டால் இரும்பு பளிச்சென்றும் ஆகும். அப்படிப் பளிச்சென்று ஆன இரும்புதான் ஈரத்தோடு இருந்தால் உடனே மறுபடி துருப்பிடிக்கும் என்றார். ஏற்கெனவே துரு இருந்தால் உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, மலிவான கொட்டையைக் கொஞ்சம் அரைத்துக் கொட்டிவிட்டால் போதும். அந்த எண்ணெயே மெல்லிய படலமாக நிற்கும். "காப்பி எண்ணெய் எதிரி அல்ல, பழைய காப்பி எண்ணெய்தான் எதிரி" என்று முடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.

பீங்கான் பல் வைத்த சின்னக் கை மெஷின்கள் இப்போது வருகின்றன. அந்தப் பல்லைக் கழற்றித் தண்ணீரில் கழுவலாம், துருப் பயம் இல்லை. ஆனால் கீழே போட்டால் போயிற்று. கொட்டையோடு ஒரு சின்னக் கல் விழுந்தாலும் விளிம்பு தெறிக்கும். எங்கள் வீட்டில் கொட்டையை அரிசி மாதிரி முறத்தில் பரப்பிக் கல் பார்த்துத்தான் போடுவார்கள்.


பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

கேள்வி ஒன்று. சிக்கரிக் கட்டியையும் கொட்டையோடு சேர்த்தே அரைக்கலாமா? அம்மான் வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள், மெஷின் அடிக்கடி இறுகிவிடுகிறது என்கிறார்கள்.


கானாடுகாத்தான் வளவு எழுதியது:

வேண்டாம் ஆச்சி. இறுகுவதற்குக் காரணமே அதுதான். சிக்கரி ஒரு செடியின் கிழங்கு. வறுக்கும்போது அதில் உள்ள இனிப்பு பாகு போலாகிறது, காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கரி டப்பாவைத் திறந்து பார்த்தால் தெரியும், தூள் ஒரே கட்டியாக நிற்கும். அதுவே பல்லுக்குள் நடந்தால் ஈர்க்கும் இறங்காது. கொட்டையை மட்டும் அரைத்து, சிக்கரியைத் தூளாகவே தனியாக வாங்கி, டப்பாவில் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். வேண்டிய கலவையும் அவரவர் கைக்குள் இருக்கும். கடையில் விற்கும் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், சிக்கரி 49 வரை போகலாம். என் கட்சி 80:20. அதற்கு மேல் சிக்கரி போட்டால் டிகாக்‌ஷன் கறுப்பாகத் தெரியும், காப்பி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

தண்டுக்கு எண்ணெய் விடலாமா என்று தனியாகச் சிலர் கேட்டிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். எல்லாம் சிக்குப் பிடித்துக் கோந்தாகும், நாம் சுரண்டி எடுத்த அதே சாமானை நாமே ஊற்றிய கதை. தையல் மெஷின் எண்ணெய் வயிற்றுக்குள் போகிற பொருளுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கைப்பிடி கிரீச்சிட்டால் உணவுப் பொருள் மெஷினுக்கு உகந்தது என்று எழுதி விற்கும் மினரல் எண்ணெயில் ஒரு சொட்டு, அதுவும் தண்டு வெளியே தெரியும் இடத்தில் மட்டும். பல்லில் படக் கூடாது.

பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுத்தம் செய்ய வேண்டிய நாள் திறக்கிற நாள் அல்ல, பூட்டுகிற நாள். கடைசிக் காப்பி குடித்து, சாமான்களை உள்ளே ஏற்றும்போது மெஷினையும் திறந்து பிரஷ் போட்டுவிடுங்கள். தொட்டியில் ஒரு கொட்டைகூட நிற்கக் கூடாது. கரப்பானுக்கு அந்த இருட்டும் மோட்டார் சந்தும் ரொம்பப் பிடிக்கும், கரண்ட் மெஷினாக இருந்தால் பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். வார்ப்பிரும்பு மெஷினுக்குப் பாலிதீன் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்தால் போதும். இந்தத் தடவை அப்படித்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.


கோட்டையூர் எழுதியது:

படித்துவிட்டு ஆசை வந்துவிட்டது, ஒரு கை மெஷின் வாங்கப் போகிறேன். சுத்தம் செய்த பிறகு முதல் அரவையைக் கொட்டிவிட வேண்டும் என்கிறீர்களே, எவ்வளவு கொட்ட வேண்டும்? எந்தக் கொட்டை?


கானாடுகாத்தான் வளவு எழுதியது:

ஒரு சின்னக் கைப்பிடி போதும், 15, 20 கிராம் இருக்கும். தாண்டிக்குடி, ஏற்காடு என்று பார்த்துப் பார்த்து வாங்கிய கொட்டையை அதற்குப் போடாதீர்கள். டப்பா அடியில் கிடக்கும் பழசு, உடைசல், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்துப் பிடிக்காமல் போனது, எது இருந்தாலும் சரி. வந்த தூளை ரோஜாத் தொட்டியில் மண்ணோடு கிளறிவிட்டு, அடுத்த அரவையை ஃபில்டரில் போடுங்கள்.